கோவலன் கொலையும் ஒரு மாணவியின் கேள்வியும்

மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாடகங்களைக் கல்விப் படங்களாக்கி வகுப்பில் காட்டுவதை, காரைக்குடி வட்டாரத்தில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற நான் வரவேற்கிறேன். அவற்றை எடுக்கும் முறையில்தான் எனக்கு மனக்குறை.

அண்மையில் இப்பக்கத்துப் பள்ளியொன்றில் சிலப்பதிகாரப் படம் ஒன்றைத் திறன்பலகையில் ஓட்டினார்கள். ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர, ஒரு குரல் பாடநூலை அப்படியே வாசித்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். படம் முடிந்ததும் கொலைக்களக் காதையை நான் வாய்மொழியாகச் சொன்னேன். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர்கள் இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்று தயங்குவதையும், பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களைச் சொல்லும் களவுநூல் பேசி அவர்கள் தயக்கத்தைக் கலைப்பதையும், கடைசியில் 'கல்லாக் களிமகன்', அதாவது படிப்பறியாக் குடிகாரன், ஒருவன் சட்டென வாளை வீசிவிடுவதையும் கேட்ட பின்வரிசை மாணவி ஒருத்தி, "ஐயா, இது என்கவுன்டர்தானே?" என்றாள்.

படம் நிற்க வேண்டிய இடம் அதுதான். காவலர் தயங்கும் காட்சியை நடித்துக் காட்டி, அங்கேயே நிறுத்தி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவை வழக்கறிஞர் ஒருவர் விளக்கினால், பாண்டியன் எங்கே தவறினான் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நீதிபோதனையைப் படம் செய்ய வேண்டியதில்லை.

நடிப்பதற்கு ஆள் தேடி அலையவும் வேண்டாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களை விடிய விடியப் பாடி நடிக்கும் ராஜபார்ட் (நாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) கலைஞர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். மேடை நாடகமொன்று 'நாம் இருவர்' என்ற படமாக உருவாகி 1947இல் வெளிவந்ததும் காரைக்குடிப் படப்பிடிப்புக் கொட்டகையிலிருந்துதான். அதோடு, தம் முன்னோர் கோவலனின் ஊரான காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று இப்பக்கத்து வணிகச் சமூகத்தாரான நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதால், கோவலன் இங்கே ஏறக்குறைய ஊர்க்காரன். அவன் கதைக்கு இப்பக்கத்துப் பிள்ளைகள் தூங்குவது படத்தின் குற்றமே.

ஆகவே, கல்வித் தொலைக்காட்சி இக்கலைஞர்களைக் கொண்டு, பத்து நிமிடத்துக்கு மிகாமல், கேள்வியோடு நிற்கும் படங்களைத் தயாரிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலத்தில் ஒளிப்பதிவுக் கருவியோடு வந்தால், ஆர்மோனியக்காரர் முதல் பபூன் வரை எல்லாரையும் ஒரே ஒப்பனைக் கொட்டகையில் பார்த்துப் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கண்டனூர்.