கெப்ளருக்கு ஒரு கடிதம்: நீங்கள் சொன்ன குகை நிலவில் இருக்கிறது

மதிப்பிற்குரிய யோகான்னஸ் கெப்ளர் ஐயாவுக்கு,

வணக்கம். நிலவைக் காலியாக விட்டுவைத்த ஊர் அநேகமாகக் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்து வடை சுடுகிறாள். சீனர்கள் சாங்ஏ என்ற தேவதையையும் மருந்து இடிக்கும் முயலையும் குடிவைத்தார்கள். இவர்களில் யாரையும் அங்கே வெயில் சுட்டதில்லை, குளிர் வாட்டியதில்லை. அங்கே இருப்பவருக்கு வானம் எப்படித் தெரியும், வெயிலுக்கு எங்கே ஒதுங்குவார் என்று கணக்குப் போட்டுக் கேட்டவர் வானியலாளரான நீங்கள்.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1593ல், இதை ஆய்வுரையாக எழுதினீர்கள். பேராசிரியர் அரங்கேற விடவில்லை. 1609ல் அதுவே 'சோம்னியம்' என்ற கதையானது. ஐஸ்லாந்துப் பையன் ஒருவன், மூலிகை விற்கும் அவன் தாய், அவள் கூப்பிட்டால் வரும் ஆவி. அந்த ஆவி பேசுவதெல்லாம் சுத்தமான வானியல்! நிலவுக்கு லெவானியா என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் பூமிதான் வோல்வா. ஒரு பாதியில் வோல்வா வானத்தில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நின்று சுழலும். மறுபாதிக்காரர்களின் கண்ணில் அது படவே படாது. லெவானியாக்காரர்களும் தங்கள் தரை அசையாமல் நிற்பதாகவே நினைப்பார்கள், நாம் பூமியை நினைத்ததுபோல. பூமிதான் சுழன்றபடி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிகஸ் சொன்னதை இதைவிட எளிதாக யார் விளக்கிவிட முடியும்?

நான் திரும்பத் திரும்பப் படிப்பது குகைகள் வரும் இடத்தை. பகல் ஏறக்குறைய 14 நாள், இரவும் அவ்வளவே. அந்தச் சூட்டிலிருந்தும் குளிரிலிருந்தும் தப்ப, லெவானியாவின் தரை முழுக்கத் துளைகளும் குகைகளுமாக இருக்கிறது என்று எழுதினீர்கள்.

ஐயா, 2009ல் ஜப்பானின் ககுயா விண்கலம் நிலவில் ஒரு பெரிய குழியைக் கண்டது. பிறகு பல குழிகள் தெரிந்தன. 'அமைதிக் கடல்' என்று பெயரிட்ட சமவெளியில் உள்ள ஒன்று சுமார் 100 மீட்டர் அகலம். வெளியே உச்சிப் பகலில் 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போதும், அதன் நிழலான பகுதிகள் சுமார் 17 டிகிரியிலேயே இருக்கும் என்று 2022ல் கணக்கிட்டார்கள். அங்கிருந்து தரைக்கடியில் ஒரு குகை நீள்வதை 2024ல் பழைய ரேடார் பதிவுகளிலிருந்து காட்டினார்கள். எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குடைவு அது. மேலே உள்ள பாறைக்கூரை கதிர்வீச்சையும் விண்கற்களையும் தடுக்கும். சூட்டைத் தடுக்க மட்டும் என்றால் கூரை வேண்டாம், வெறும் மண்ணே போதும் என்பதுபோல எங்கள் சந்திரயான்-3 ஒன்றைக் கண்டது. 2023 ஆகஸ்டில் தென்துருவப் பகுதியில் அது இறக்கிய வெப்பமானி, மேல்மண்ணில் 50 டிகிரிக்கு மேல் காட்டியது. வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே 10.

இந்தக் கதைக்கு நீங்கள் கொடுத்த விலை என் மனதை விட்டுப் போவதில்லை. கைப்பிரதி 1611 முதல் கைமாறியது. ஆவியை அழைக்கும் தாயைப் படித்தவர்கள் உங்கள் தாய் கத்தரீனாவை நினைத்துக்கொண்டார்கள் என்று நீங்களே நம்பினீர்கள். சூனியக்காரி என்று 14 மாதம் சிறை. சங்கிலியில் கிடந்த அந்த முதியவளுக்காக நீங்களே வாதாடி 1621ல் மீட்டீர்கள். அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். அதன் பிறகும் அந்தக் கதையை நீங்கள் கைவிடவில்லை. கதையைவிட நீளமாக 223 குறிப்புகள் எழுதிச் சேர்த்தீர்கள். 1634ல் அது அச்சாகி வந்தபோது நீங்கள் இல்லை.

நிலவின் வட்டப் பள்ளங்களை அங்குள்ளவர்கள் கட்டிய ஊர்கள் என்று எண்ணினீர்கள். அவை விண்கற்கள் மோதிய தடங்கள். ஆனால் தென்துருவத்தில் வெயிலே படாத சில பள்ளங்களுக்குள் பனிக்கட்டி இருக்கிறது; மனிதர்கள் தங்க இப்போது பார்த்துவைத்திருப்பது அந்தப் பக்கத்தைத்தான். வோல்வா தெரியும் பாதிக்கும் தெரியாத பாதிக்கும் நடுவே நீங்கள் ஒரு எல்லை வட்டம் வரைந்தீர்களே, அது துருவங்கள் வழியாகத்தான் போகிறது. அங்கே பூமி மாதத்தில் பாதி நாள் அடிவானத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும், மீதி நாள் கீழே இறங்கிவிடும். அந்த நாட்களில் வீட்டோடு பேச, தகவலை வாங்கி அனுப்பும் செயற்கைக்கோள் ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகன்