முப்பத்தைந்து என்று எழுதியவர்கள்

அன்பு நண்பா,

நலம். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற கையோடு நீ அனுப்பிய மதிப்பெண் பகுப்பாய்வைப் பார்த்தேன். வகுப்புவாரிச் சராசரி, தேர்ச்சி விழுக்காடு, சென்ற ஆண்டோடு ஒப்பீடு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் எந்த ஆசிரியர் எதை மாற்றிச் சொல்லிக்கொடுப்பார் என்று யோசித்தேன், விடை கிடைக்கவில்லை.

சென்ற மாதம் என் நான்காம் வகுப்பில், 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்ன கணக்கில் 26 பேரில் 14 பேர் தவறியிருந்தார்கள். வழக்கம்போல் மதிப்பெண் போட்டு மூடிவிடாமல், தவறான விடைகளை ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டு எண்ணினேன். ஒன்பது பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். எது மேலே, எது கீழே என்று பாராமல், ஏழிலிருந்து இரண்டையும் ஐந்திலிருந்து இரண்டையும் எடுத்திருக்கிறார்கள். கழிக்கத் தெரிகிறது, கடன் வாங்கத்தான் தெரியவில்லை. மறுநாள் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்காமல் ஏழு குச்சிகளை எடுக்க முடியாது என்பதை அவர்களே காணும்படி செய்தேன். மற்ற ஐவரின் சிக்கல் வேறு. அவர்களுக்கு இந்தப் பாடம் பயன்படாது.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வை நான் மதிப்பதும் இதனால்தான். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கியது அது. வீட்டுக்கே சென்று எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகப் படிக்கச் சொல்கிறார்கள். நாட்டின் ஊரகப் பகுதிகளில், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பினரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் 2022இல் 16.3 விழுக்காடு, 2024இல் 23.4 விழுக்காடு. இந்த எண்ணை நம்பலாம். அதைவிட, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அந்தச் சோதனை காட்டிவிடுகிறது. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நாம் பிரித்ததும் ஏறத்தாழ அதே யோசனைதான்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்றதும், அரும்பில் இருந்த இருவரை ஒரே இரவில் மொட்டாக்கியவன் நான். பதிவேடு அழகாயிற்று, அந்த இருவருக்கோ ஒரு மாதம் முழுக்கப் புரியாத பயிற்சித் தாள்களே கிடைத்தன.

ஆகவே காலாண்டு விடைத்தாள்களில் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்து, எந்தத் தவறான விடையை எத்தனை பேர் எழுதினார்கள் என்று உன் ஆசிரியர்களை எண்ணச் சொல். தவறியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டிவிடாதே. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று உன் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல்.

உன் பழைய அறைத்தோழன்