ஊதும் மணிக்குப் பதில் ஜவ்வரிசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேரனுக்கு வரும் தையில் மூன்று வயது முடிகிறது. மழைக்காலத்தில் வெளியே விட முடிவதில்லை, கரண்டும் அடிக்கடி போய்விடுகிறது. செல்போனைக் கொடுக்கக் கூடாதென்று மருமகள் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். வாட்டர் பீட்ஸ் என்கிறார்கள். கடுகளவு வண்ண மணிகள், தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டாக ஊதும். பிள்ளை அள்ளி அள்ளி விளையாடினான், எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் காலையில் அங்கணத்துப் பக்கம் ஈரத்தரையில் ஒரு மணி கிடந்தது. முந்தின நாள் சிந்திய கடுகு, ராத்திரியோடு ராத்திரியாகக் கோலி அளவுக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிள்ளை விழுங்கியிருந்தால் குடலுக்குள்ளும் இப்படித்தானே ஊதும்? குடலை அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. 2023இல் அமெரிக்காவில் பத்து மாதக் குழந்தை ஒன்று இதை விழுங்கி இறந்திருக்கிறது.

சரி, பிள்ளைக்குத் தொட்டு அளைய ஏதாவது வேண்டுமே. பெரிய ஜவ்வரிசி இரண்டு கைப்பிடி எடுத்து, நடுவிலிருக்கும் வெள்ளைக் கண் மறையும்வரை வேகவைத்தேன். வடித்துப் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் ஒட்டாது. பாதிக்கு பீட்ரூட் சாறு, பாதிக்குக் கொஞ்சம் மஞ்சள். அகலத் தாம்பாளத்தில் கொட்டி, கரண்டியும் டீ வடிகட்டியும் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை! விரலிடுக்கில் வழுக்கி விழும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. இங்கே பர்மாவில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குத் தேங்காய்ப்பாலில் போட்டுக் குடிக்கிறோமே, அதே ஜவ்வரிசிதான். வாயில் போட்டாலும் பயமில்லை. ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பொழுது சாய்வதற்குள் கொட்டிவிட வேண்டும், இந்த வெக்கையில் புளித்துவிடும்.

இன்னொரு நாள் தனக்கா கல்லை, அதாவது முகத்தில் பூசும் தனக்கா மரக்கட்டையைச் சாந்தாக உரசும் கல்லை, கீழே இறக்கி வைத்தேன். கட்டையை அவனே தண்ணீர் தெளித்து உரசினான். கல்லின் சொரசொரப்பு, சாந்தின் குளிர்ச்சி, அந்த வாசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அப்புறம் என் கன்னத்தில் பூசிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

உலர்ந்த பட்டாணி, பருப்பு மட்டும் இந்த வயதில் வேண்டாம். என் மகன் சின்ன வயதில் பட்டாணியை மூக்கில் திணித்துக்கொண்டான். அது ஊறிப் பருத்து, டாக்டர் எடுப்பதற்குள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் பேசினில் விளையாடவிட்டால் இமைப்பொழுதும் நகரக் கூடாது, முடிந்ததும் கவிழ்த்துவிட வேண்டும்.

ரங்கூனில் நம்மவர்கள் பலர் கடை வைத்திருக்கிறீர்கள். அந்த மணிப் பாக்கெட்டுகளைப் பொம்மைகளோடு தொங்கவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மிச்சம் வைத்திருப்பவர்கள் இன்றே பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அங்கணத்தில் கொட்டாதீர்கள், அங்கேயும் ஊதி அடைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, ரங்கூன்