பல்லு நோக முதலே தேடு

திருகோணமலை

அன்பின் தர்சினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கணவருக்கு இங்கே வேலை மாற்றம் கிடைத்துவிட்டது என்று வாசித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனவள் இத்தனை காலத்துக்குப் பிறகு ஊரோடு வந்து சேர்கிறாள் என்றால் சும்மாவா? உன் மாமியையும் கூட்டிவருகிறாய் என்பதில் அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். சின்னவன் இந்த வருடம்தான் முதலாம் வகுப்பு. உவர்மலைப் பக்கம் வாடகை வீடு விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டவற்றில் பல் டொக்டர் விஷயத்தை முதலில் எழுதுகிறேன். “வந்து இறங்கிய பிறகு, யாருக்காவது பல்லு நோகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதே. இரவிரவாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளையோடு விடியக் காலையில் வெளிக்கிட்டால், எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள்தான் போவோம். அந்த நேரம் டொக்டருக்கும் வேறு வழி இருக்காது. ஊசி, குறடு, அழுகை, இரத்தம். பிள்ளைக்கு முதல் அறிமுகமே அப்படி அமைந்துவிட்டால், பிறகு அந்தக் கதிரையில் ஏற்றுவதற்கு வருடக் கணக்கில் கெஞ்ச வேண்டும். என் அக்காவின் மகனை ஓரிடத்தில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துப் பல்லைக் கழற்றினார்கள். இப்போது அவன் மீசை முளைத்த பெடியன். பல் என்ற பேச்சை எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறான்.

அதனால் ஒருவருக்கும் ஒரு நோவும் இல்லாத ஒரு நாளில் எல்லோருமாகப் போங்கள். அன்றைக்கு நீதான் டொக்டரைப் பரிசோதிக்கிறாய் என்று வைத்துக்கொள். சின்னவனை நாங்கள் இப்போது காட்டுகிற டொக்டரிடம் முதல்முதல் கொண்டுபோனபோது, அவர் வாயைத் திற என்று சொல்லவே இல்லை. வாய்க்குள் விடுகிற அந்தச் சின்னக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, “என்ர பல்லை எண்ணிச் சொல்லு பாப்பம்” என்று தன் வாயைத் திறந்து காட்டினார். பிறகு தண்ணீர் பீச்சுகிற குழாயை அவன் உள்ளங்கையில் வைத்து அமத்திக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவனுடைய பல்லை எண்ணினார். அன்றைக்கு வேறு ஒன்றும் செய்யவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது ஒரு பிள்ளைக்காக அவ்வளவு நேரம் ஒதுக்குகிறவரைக் கண்டால் விட்டுவிடாதே.

உன் கடைக்குட்டியின் முன்பல்லில் கறுப்பு விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரவில் பால் போத்தலோடு நித்திரைக்குப் போகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிற்பாட்டு. “பாற்பல்தானே, விழத்தானே போகுது” என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் பின்னாலே இருக்கிற பாற்கொடுப்புப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. அவற்றை விழ வேண்டிய வயதுக்கு முந்தியே கழற்றிவிட்டால் பக்கத்துப் பல் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், முளைக்க வருகிற பல்லுக்கு இடமிருக்காது. இன்னொரு விஷயம், உன் மூத்தவனுக்கு ஆறு வயது என்றால் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கொடுப்புப் பல் வந்திருக்கும், இல்லாவிட்டால் வரப்போகிறது. ஒரு பல்லும் விழாமலே அது முளைப்பதால் பாற்பல் என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிடுகிறோம். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். அதன் குழிகளில் சாப்பாடு தங்காமல் ஒரு பூச்சுப் பூசி அடைக்கலாம், ஊசியும் இல்லை, நோவும் இல்லை. நீ கேட்காமலே அந்தப் பல்லைப் பார்த்து இதைப் பற்றிப் பேசுகிற டொக்டர் என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

பிள்ளைகள் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார்கள், கிணறா குழாயா என்று கேட்பவரும் நல்லவர்தான். அனுராதபுரம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு கூடுதல், அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளையும் மண்ணிறமுமாகத் தழும்பு விழும். அதைச் சூத்தை என்று பிழையாகப் பார்க்கக் கூடாது. இதைக் கேட்டுப் பயந்து புளோரைட்டு உள்ள பற்பசையை விட்டுவிடாதே. மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, அதற்குப் பிறகு ஆறு வயதுவரை ஒரு பட்டாணிக் கடலையளவு போதும்.

இனி மாமி. உண்மையைச் சொன்னால், உன் வீட்டில் எனக்குக் கூடுதலான கவலை அவரைப் பற்றித்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் இன்னும் போடுகிறார்தானே? நம் நாட்டில் ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படுகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடுகிற பெண்களுக்கும் அது வருகிறது. ஆரம்பத்தில் நோகாது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை, ஆறாத ஒரு புண், வாயை முந்திப்போல் அகலத் திறக்க முடியாத ஓர் இறுக்கம், இப்படித்தான் தொடங்கும். எங்கள் அம்மம்மாவைக் கொண்டுபோனபோது டொக்டர் பல்லை விட்டுவிட்டு, நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரத்தையும் ரோச் அடித்துப் பார்த்தார். நாக்குக்கு அடியிலும் கன்னத்துக்குள்ளும் பார்த்து, தாடைக்குக் கீழே விரலால் அமத்தியும் பார்த்தார். மாமிக்கு யாராவது இப்படிப் பார்க்கிறார்களா என்று நீ பக்கத்தில் நின்று கவனி. கட்டுப்பல்லுக்கு அளவெடுத்துவிட்டு அனுப்புகிற ஆள் உன் குடும்பத்துக்கு வேண்டாம்.

மாமிக்குச் சீனி வியாதி இருப்பதையும், இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் குளிசை போடுகிறாரா என்பதையும் போன உடனேயே சொல்லிவிடு. சீனி கூடினால் முரசு வீங்கிப் பல் ஆடும்.

பிள்ளைகளுக்காக எப்போதும் காசு கொடுத்துத்தான் காட்ட வேண்டும் என்றும் நினைக்காதே. பாடசாலைப் பல் கிளினிக்கில் மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் தொடங்கிய பயிற்சி அது. சூத்தை அடைப்பது, பாற்பல் கழற்றுவது, சுத்தம் செய்வது எல்லாம் அங்கேயே முடியும். பெரிய வேலை என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். சும்மா கிடைப்பது என்பதற்காக இளக்காரமாகப் பார்க்கிற புத்தி நம்மவர்களுக்கு இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

பின்னேரத்தில் தனியாரிடம் போவதென்றால், இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பார். பட்டமில்லாமல் பல்லுக் கட்டுகிறவர்கள் பல்லைக் கழற்றவும் துணிந்துவிடுகிறார்கள். ஆயுதங்களை உன் கண் முன்னே பை உடைத்து எடுக்கிறார்களா என்றும் கவனி. அந்தப் பையில் ஓர் அடையாளம் இருக்கும், கிருமி நீக்குகிற சூட்டில் அது நிறம் மாறும். கேட்டால் காட்டுவார்கள். காட்டக் கோபிக்கிற இடத்தில் இருக்காதே, எழும்பி வா. என்ன செய்யப் போகிறார், எவ்வளவு காசு முடியும் என்பதையும் கதிரையில் ஏற முதலே கேள்.

ஒரே ஆளிடம்தான் எல்லோரும் போக வேண்டுமா என்று கேட்டிருந்தாய். போனால் வசதிதான். தாயும் அப்பம்மாவும் வாய் திறப்பதைப் பார்க்கிற பிள்ளை தானும் திறக்கும். ஆனால் “இது என்ர வேலை இல்லை, இன்னாரிடம் காட்டுங்கோ” என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்வேன் என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. பின்னேரத்தில் பார்க்கிறவர்களில் பலர் அரசாங்க டொக்டர்மார் என்பதால், பிள்ளைகள் பழகி வரும்போது அவருக்கும் மாற்றம் வந்துவிடும். அதனால் எடுத்த எக்ஸ்ரே, எழுதித் தந்த துண்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு உன் கையிலேயே வைத்திரு. மட்டக்களப்பில் காட்டியவையும் இருந்தால் பெட்டி கட்டும்போது மறந்துவிடாதே.

நாங்கள் காட்டுகிறவரின் பெயரை இதில் எழுதவில்லை. வந்ததும் நானே கூட்டிப்போகிறேன், பார்த்துவிட்டு நீயே முடிவு செய். எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல். சனிக்கிழமைகளில் மூத்தவளுக்கு வகுப்பு இருக்கிறது, அதற்கேற்றபடி நாள் பார்க்க வேண்டும். வீட்டு விஷயம் ஏதும் சரிவந்தால் உடனே அறிவிக்கிறேன். மாமிக்கு என் அன்பைச் சொல்லு.

உன்
பவானி