சிவப்பு வட்டம் மட்டும் போதாது, ஆங்கில ஆசிரியர்களே

விடைத்தாள் திருத்துகிற, கேள்வித்தாள் எடுக்கிற தமிழ்நாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு வணக்கம்.

'த்ரீ புக்' என்று ஒரு பிள்ளை எழுதினால் வட்டம் போட்டு அரை மார்க் குறைக்கிறீர்கள். சரி, தப்பு தப்புதான். ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் யாராவது சொல்கிறீர்களா? ஹோட்டலில் 'ரெண்டு இட்லி' என்றுதான் கேட்கிறோம், 'இட்லிகள்' என்றால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். மாடு வந்தது, மாடு வந்தன, தமிழில் இரண்டுமே சரி, ஒன்றா பலவா என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். பால்பகா அஃறிணை என்று பக்கத்து வகுப்பில் தமிழ் ஐயா நடத்துவதும் இதைத்தான். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெயர்ச்சொல்லே செய்தாக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். (பஸ்ஸில் 'ஒரு லேடீஸ் ஏறுறாங்க' என்கிற நம் கண்டக்டர்களை இதில் சேர்க்கவில்லை, அது தனிக்கதை.)

அப்பாஸ்ட்ரஃபிதான், அதாவது 'உடைய' என்பதைக் காட்ட எஸ் பக்கத்தில் மேலே போடும் சின்னக் குறிதான், பெரிய தலைவலி. பையன்கள், பையனுடைய, பையன்களுடைய, மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'பாய்ஸ்' என்ற ஒரே உச்சரிப்புதான், அதனால் வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, போர்டில் எழுதிக் காட்ட வேண்டும். 'மாணவர்களுடைய' என்பதில் முதலில் 'கள்', அப்புறம்தான் 'உடைய'. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். எஸ் சேர்த்துப் பன்மையான சொல் என்றால் குறியை அந்த எஸ்ஸுக்குப் பின்னால் வைத்தால் முடிந்தது, சில்ட்ரன், விமன் மாதிரி எஸ் இல்லாமலே பன்மையான சொல்லுக்குக் குறி, எஸ் இரண்டும் வேண்டும். 'இட்ஸ்' என்று உரிமைப் பொருளில் எழுதும்போது குறியே கிடையாது, 'ஹிஸ்' என்பதற்கு இல்லாத மாதிரி.

செப்டம்பர் 5 அன்று பள்ளி போர்டுகளைப் பாருங்கள், 'டீச்சர்ஸ் டே' குறி முன்னால், பின்னால், இல்லாமலே என்று மூன்று விதமாக இருக்கும். எஸ்ஸுக்குப் பின்னால் வைப்பதுதான் வழக்கம், ஏனென்றால் அது எல்லா ஆசிரியர்களின் நாள். 'மதர்ஸ் டே' அப்படியில்லை: அமெரிக்காவில் அதைத் தொடங்கிய ஆனா ஜார்விஸ், அவரவர் தன் ஒரே தாயைக் கொண்டாடும் நாள் என்று ஒருமையில்தான் எழுத வேண்டும் என்றார், 1914-இல் அதிபர் வில்சனின் அறிவிப்புக்குப் பிறகும் அப்படியே நிலைத்தது. பிள்ளைகளுக்கு மறக்காமல் நிற்பது இந்த மாதிரிக் கதைதான்.

கேள்வித்தாள் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 'திஸ் இஸ் மை பிரதர்ஸ் ரூம்' என்று மொட்டையாகக் கொடுத்துக் குறி போடச் சொல்லாதீர்கள். அண்ணன் ஒருவனா இருவரா என்று வாக்கியத்தில் இல்லாதபோது எங்கே போட்டாலும் சரிதான், ஆனால் விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, எத்தனை அண்ணன் என்று கேள்வியிலேயே சொல்லுங்கள், இல்லையா, இரண்டுக்கும் மார்க் போடுங்கள்.