பெர்மண்ட்சியில் இருந்து அம்மா

அன்பு மகள் யாழினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "கூடப் படித்தவர்கள் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றுகிறார்கள், நான் கவுன்சிலில் இருந்துகொண்டு பூஞ்சணம் பிடித்த வீடுகளின் முறைப்பாட்டைப் பார்க்கிறேன்" என்றாய். அந்த நேரம் எனக்குப் பதில் வாயில் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நீ வளர்ந்த, லண்டனின் இந்தப் பெர்மண்ட்சி நூறு வருடத்துக்கு முன்னர் எப்படி இருந்தது தெரியுமா? துறைமுகம், தோல் பதனிடும் தொழிற்சாலைகள், பிஸ்கட் ஆலை, ஜாம் ஆலை. அவற்றுக்கு நடுவில் நெருக்கியடித்த வீடுகள். ஒரு முற்றத்துக்கே ஒரு தண்ணீர்க் குழாய்தான். அங்கேதான் அல்பிரட் சால்ட்டர் என்ற டொக்டர் 1900-இல் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கைஸ் ஆஸ்பத்திரியில் பரிசுகள் வாங்கிப் படித்தவர். கிருமி ஆராய்ச்சியில் பெரிய ஆளாக வந்திருக்கலாம். ஏழைகளிடம் ஆறு பென்ஸ் வாங்கினார், அதுவும் இல்லாதவர்களிடம் ஒன்றுமே வாங்கவில்லை. 1911-இல் வந்த காப்புறுதிச் சட்டம் வேலைக்குப் போகிறவரைத்தான் பார்த்தது. அந்தத் தொழிலாளியின் மனைவியும் பிள்ளைகளும் வருத்தம் வந்தால் கைக்காசைத்தான் தேட வேண்டும்.

சால்ட்டருக்கும் அவர் மனைவி எய்டாவுக்கும் ஒரே பிள்ளை, ஜோய்ஸ். அயல் பிள்ளைகளோடு அதே தெருக்களில் வளர்ந்தது. 1910-இல் ஸ்கார்லட் காய்ச்சல் வந்து எட்டு வயதில் போய்விட்டது. டொக்டரின் பிள்ளை, மகளே. மருந்து தெரிந்த வீடு. அதற்குப் பிறகும் அவர்கள் இந்த இடத்தை விட்டுப் போகவில்லை. நான் ஒரு தாய். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

1922-இல் அவர்களுடைய தொழிற்கட்சி பெர்மண்ட்சிக் கவுன்சிலைப் பிடித்தது. எய்டா மேயரானார், லண்டனில் ஒரு பெண் மேயரானது அதுதான் முதல் தடவை. மேயரின் அங்கியும் சங்கிலியும் வேண்டாம் என்றுவிட்டார். தெருத்தெருவாக மரம் நடுவித்தார். அந்த வருடமே சால்ட்டர் பாராளுமன்றம் போனார். 1926-இல் கவுன்சில் சூரிய ஒளிச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் திறந்தது. புகை மூடிய ஊருக்கு வெயில் ஏது? விளக்கின் கீழே பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெறும் மேலோடு இருந்தார்கள். கசம் (டிபி) பிடித்த சிலரைக் கவுன்சில் செலவிலேயே சுவிட்சர்லாந்து மலைக்கு, லெய்சின் என்ற ஊருக்கு, அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் கால்களைப் பார்க்கவும் ஒரு கிளினிக் இருந்தது. கால் நோவை யார் அப்போது நோய் என்று கணக்கெடுத்தார்கள்! எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

அப்புறம், படங்கள். கவுன்சிலின் சுகாதார அதிகாரி டொக்டர் கோனன் தன் ஊழியர்களை வைத்தே எடுப்பித்தார். பல், குளிப்பு, கசம், பிள்ளை உடுப்பு என்று. ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவிலேயே காட்டினார்கள். பேசாத படம், பக்கத்தில் ஒருவர் நின்று விளக்கம் சொல்வார். கிளினிக்குக்கு வராத சனத்திடம் கிளினிக்கே போயிற்று. 1936-இல் கிரேஞ்ச் வீதியில் எல்லாவற்றையும் ஒரே கட்டிடத்துக்குள் கொண்டுவந்தார்கள். தேசிய சுகாதார சேவை வர அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

ஆனால் ஒன்றைக் கவனி. மருந்தும் விளக்கும் போதாது என்று சால்ட்டருக்கு நல்லாகத் தெரியும். குணமாக்கிய பிள்ளையைத் திரும்ப அதே ஈர வீட்டுக்குத்தானே அனுப்ப வேண்டும்? அதனால்தான் பழைய வீடுகளை இடித்து வில்சன் குரோவில் தோட்டத்தோடு சிறு வீடுகள் கட்டினார்கள்.

நான் வீடு வீடாகப் போகும் தாதியாக வேலை செய்த காலத்தில் ஒரு குழந்தைக்கு இருமல். மூன்று தரம் டொக்டரிடம் அனுப்பினேன். நாலாம் தரம் போனபோதுதான் தொட்டிலை இழுத்துப் பார்த்தேன், பின்சுவர் முழுக்கக் கறுப்பு. முன்னமே பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றைக்கும் போகவில்லை. கவுன்சிலின் வீட்டுப் பகுதிக்குக் கடிதம் எழுதி, அவர்களை வேறு வீட்டுக்கு மாற்ற ஏழு மாதம் பிடித்தது. இருமல் அதற்குப் பிறகுதான் நின்றது. அந்தக் கடிதம் போகிற மேசையில்தான் நீ இப்போது இருக்கிறாய்.

ஈஸ்டருக்கு வரும்போது ஆற்றங்கரைக்குப் போவோம். சால்ட்டரின் சிலையை 2011-இல் களவெடுத்தது உனக்குத் தெரியும். சனம் காசு சேர்த்து 2014-இல் புதிதாக வைத்தது. இம்முறை எய்டாவும் கையில் மண்வெட்டியோடு நிற்கிறார். ஜோய்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டு, பூனையும் பக்கத்தில்.

ஐந்தாம் மாடிக் குடும்பம் ஒன்று மூன்றாம் தரமும் எழுதியிருக்கிறது என்றாயே, அந்த வீட்டுக்கு ஒருக்கால் நேரில் போ. கட்டிலை இழுத்துப் பார்.

அன்புடன்,
அம்மா