சிரிப்பை எங்களுக்கே விடுங்கள்

ஆசிரியருக்கு,

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை வசனப் பஞ்சத்தைக் குறை சொல்கிறது. சரிதான். ஆனால் பெரிய தொல்லை ஒலியில் இருக்கிறது. 1950களில் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் உருவாக்கிய, பதிவுசெய்த சிரிப்பை ஒலிக்கவிடும் சிரிப்பொலிப் பெட்டியின் வாரிசு இங்கே வரிக்கு வரி சிரிக்கிறது. மிச்ச இடத்தில் ராக் கிதார் அலறுகிறது. (ராக் எனக்குப் பிடிக்கும், தனியாகக் கேட்டால்.)

குறுவை நடவு சமயத்தில் திருவையாற்று டீக்கடை ஒன்றில் பார்த்தேன். டிவியில் சிரிப்பு கொட்டுகிறது, பெஞ்சில் ஒருவரும் நிமிரவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "யாருப்பா இவ்வளவு சிரிக்கிறது? நம்ம கடையில ஆளைக் காணோமே" என்றதும் கடையே சிரித்தது. சேனல்கள் வாரம் ஒரு பகுதியையாவது சிரிப்பொலி சேர்க்காமல் ஒளிபரப்பிப் பார்க்கலாம்.

– வாசகர், திருவையாறு